மேசை மேல் கார்பன் தூசு

செவ்வாய், இரவு

கார்பன் இழையும் ரெசினும் போட்டு அச்சில் அழுத்திய வாட்ச் கேஸ், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூடு, இன்று ஒரு குமிழிகூட இல்லாமல் வந்தது. ஆறு முறை வீணான பிறகு. ஆனால் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காலையில் அதை உப்புத்தாளால் தேய்த்தேன். அதே மேசையில் அண்ணன் தன் படகின் ஜிபிஎஸ்ஸைத் திறந்து ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பாகத் தூசு விழுந்திருந்தது.

"படகு ஃபைபர் தூசுலயே பொழங்குன ஆளுடா நானு. ஊதுனா போச்சு" என்று ஊதிவிட்டு மூடினார். மதியம் அதை எடுத்துக்கொண்டு மணப்பட்டுக் கரையிலிருந்து கடலுக்குப் போய்விட்டார்.

படகுத் தூசு உடம்பில் அரிக்கும், அவ்வளவுதான். கார்பன் தூசில் மின்சாரம் பாயும். ஜிபிஎஸ்ஸையே அணைத்துவிடும். அது எனக்குத் தெரியும். கேஸ் நன்றாக வந்த மயக்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்து, "இன்னாபா, உங்க அண்ணனுக்கு லைனே போவல?" என்றார்.

"டவர் இருக்காது அண்ணி."

இரவாகிவிட்டது. திசை பார்க்க வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

மேசையை மூன்று தடவை துடைத்துவிட்டேன். இப்போது விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் கறுப்பாகத்தான் வருகிறது.