சாந்துப் பொம்மை விற்ற இளவரசர்

நவம்பர் 16, ஞாயிறு

தங்கை ராணி தன் மகளை யோனாஸுக்குக் கட்டிக்கொடுக்கத் தயங்கினாள். "டெனிஷ் பெடியன் எண்டால் பரவாயில்லை அண்ணை, வம்சம் தெரியாமல் எப்பிடி?" என்றாள். அவனுடைய பூட்டன் இத்தாலியிலிருந்து கப்பல் நிறையத் தங்கத்தோடு வந்த இளவரசர் என்று நானே கதை கட்டி, எங்கள் ஊர் ஹொல்ஸ்டெப்ரோ முழுவதும் முழங்கிவிட்டேன்.

இன்று அந்த மடையன் யோனாஸ் பூட்டனைப் பற்றிய ஆதாரத்தோடு வந்து நின்றான். பழைய நகர விலாசப் புத்தகத்தில் நம் இளவரசர், தெருவில் சாந்துப் பொம்மை விற்பவர். அதே விலாசத்தில், குடிசனக் கணக்கெடுப்பின்படி, அவரோடு ஒரே அறையில் ஆறு சகோதரர்கள். அவர்களில் மூவருக்கு ஒரே வயது. பிறந்ததோ மூன்று வேறு ஊர்களில்.

"பதிவு பிழை," என்று யோனாஸ் டெனிஷில் முனகினான்.

ராணி தாளை உற்றுப் பார்த்தாள். "அண்ணை, நீங்களும் வந்த புதிசில பிரெடெரிசியாவில வீட்டுக்காரனிட்ட, அறையில கூட இருந்த ஒன்பது பேரையும் தம்பிமார் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். அதில நாலாவது தம்பியைத்தானே உனக்குக் கட்டிவைச்சனான்."

ராணிக்குப் பக்கத்தில் இருந்த நாலாவது தம்பிக்குத் தேநீர் புரையேறியது. ராணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்கட ஆக்கள்தான். கோடைக்குள்ள கலியாணத்தை வைப்பம்," என்று யோனாஸின் தட்டில் இன்னும் இரண்டு ரோல்ஸ் வைத்தாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஊரெல்லாம் ஏற்றிவைத்த இளவரசரை எப்படி இறக்குவது? இறக்குவதாவது! நாளை முதல் ஏழு இளவரசர்கள்.