சின்னப் பொத்தான்

என் கோபக்காரிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு நேரே உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அங்கே தூக்கமாவது வருகிறதா?

நீ சேர்த்துவிட்ட டிசைன் வகுப்பில் நம் தையல் கடைக்கே லோகோ போட்டேன். இரண்டு பெரிய பொத்தான்கள், நடுவில் ஒரு சின்னது. ஆசிரியை அதை நக அளவுக்குச் சுருக்கிக் காட்டினார். சின்னது காணாமல் போயிற்று.

"சுருக்கினா தெரியாதது எதுக்கு? எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன்.

"அப்போ ரெண்டையும் பக்கத்துல கொண்டுவாங்க. நடுவுல ஏன் இவ்ளோ இடம்?"

கை வரவில்லை. மார்க் போனால் போகட்டும் என்று அந்த இடைவெளியோடேயே கொடுத்துவிட்டேன்.

நீ தைத்த குட்டிச் சட்டை மெஷின் மேலேயே இருக்கிறது. பொத்தான் மட்டும்தான் பாக்கி.

உன்,
தையல்காரன்