எந்தக் கால் உங்களுக்கு நொந்தது?

மகளுக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்தின் பெட்டியை இன்று காலை திறந்தேன். புதுத் தோல் மணம் அறையை நிறைத்தது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்த மணம் இருக்கவில்லை. கொழும்புக் கந்தோர் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் நீங்கள் கழற்றிவைக்கும், முன்பக்கம் அகன்ற கறுப்புச் சப்பாத்தைத்தான் நினைத்தேன்.

அவள் வருகிற திங்கட்கிழமை தாதிப் பயிற்சிக்குப் போகிறாள். பகல் முழுவதும் மூடிய சப்பாத்தோடு நிற்க வேண்டும். இந்த நேரம் பார்த்துப் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, விரல் சிவந்து வீங்கியிருக்கிறது. உங்களுக்கு இருந்த அதே நக வருத்தம்.

வைத்தியர் இரண்டு வழி சொன்னார். விறைக்க ஊசி போட்டு நகத்தின் ஓரத்தை வெட்டி எடுக்கலாம். ஆனால் புண் ஆறும்வரை பயிற்சிக்குப் போக முடியாது, அதுவரை அவளுடைய இடம் இருக்குமோ தெரியாது. இல்லையென்றால் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலை வைத்து, நகமூலைக்குக் கீழே சிறு பஞ்சுத் திரியைச் செருகி, நகத்தை நேராக வளரவிட்டுப் பார்க்கலாம். ஏன் வருகிறது என்று கேட்டேன்.

"வளைச்சு ஒட்ட வெட்டினாலும் வரும். முன்பக்கம் ஒடுங்கின சப்பாத்தாலும் வரும். சில பேருக்குத் தாய் தகப்பனிட்டை இருந்தும் வரும்" என்றார்.

அவள் இதுவரை செருப்போடு திரிந்தவள். ஆகவே சப்பாத்து இல்லை. மற்ற இரண்டில் எது? நகம் வெட்டப் பழக்கியதும் நீங்கள்தான். உங்கள் நகத்தின் வடிவம் அவளுக்கு வந்ததா, உங்கள் வெட்டு வந்ததா? வெட்டு என்றால் மாற்றிவிடலாம். வடிவம் என்றால் அந்த வெள்ளைச் சப்பாத்துக்குள் இது இன்னும் மோசமாகும்.

செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டமாட்டீர்கள். விளக்கு வைத்த பிறகும் வெட்டமாட்டீர்கள். கொழும்புச் சமறியில், பலர் ஒன்றாகப் படுக்கும் அறையில், நகம் விழுந்தால் சண்டை வருமாம். மிஞ்சியது மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சனிக்கிழமை. எண்ணெய் வைத்து முழுகியதும், ஊறிப்போன நகத்தைப் பிளேட்டால் மூலைவரை தோண்டுவீர்கள்.

"இஞ்சாருங்கோ, சதையையும் சேர்த்தெல்லே வெட்டுறியள்?"

"அடுத்த மாசம் வரைக்கும் இந்த வெட்டுக் காணவேணுமெல்லே."

பிறகு நொண்டி நொண்டி வந்தீர்கள். உங்கள் தங்கை அதை நகச்சுற்று என்று நினைத்து, புளித் தேசிக்காயைக் குடைந்து விரலில் செருகிவிட்டா. "இந்தக் காலோடை கந்தோருக்குப் போனால் தேசிக்காய் என்ன விலை எண்டு கேப்பாங்கள்" என்றீர்கள். வலியிலும் சிரித்தீர்கள். கொழும்பில் ஒரு வைத்தியர் நகத்தை வளைக்காமல் நேராக வெட்டச் சொல்லியிருந்தார். "மண்வெட்டி மாதிரி நகம் வைச்சிருக்கட்டாம், உந்த மனுசன்" என்று அதையும் பகிடி பண்ணினீர்கள். கேட்டு நடந்தீர்களா என்று நான் பார்க்கவில்லை.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன அன்று, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். நான் கால்மாட்டில் இருந்தேன். அப்போதுதான் கண்டேன். இடக்கால் நகம் மூலைகளோடு நேராக இருந்தது. வலக்கால் நகம் பழையபடி வளைத்து, ஆழமாக வெட்டியிருந்தது.

அது என்ன? எது சரியென்று இரண்டு காலிலும் சோதித்துப் பார்த்தீர்களா? ஒன்றை வெட்டும்போது யாராவது கூப்பிட்டு எழும்பிப் போனீர்களா? நேராக வெட்டிய காலிலும் வலி இருந்ததென்றால் அது பிறவியோடு வந்தது. இல்லாவிட்டால் வெட்டில்தான் பிழை. உங்கள் காலிலேயே மறுமொழி இருந்திருக்கிறது. ஆனால் கடைசி மாதங்களில் எந்தக் காலை நொண்டினீர்கள் என்பது எனக்கு நினைவில்லை.

உங்கள் தங்கையைக் கேட்டேன். "வலது தானே, மச்சாள். நல்லா ஞாபகம்" என்றா. மகளோ, "இல்லை, இடது. இடது காலைத்தான் அப்பா கதிரையிலை தூக்கி வைச்சிருப்பார்" என்கிறாள். கண்ணை மூடினால், பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் நடந்து வருகிறீர்கள். ஒருமுறை இடது, ஒருமுறை வலது. நான் எதை நினைக்கிறேனோ அந்தக் கால் நொண்டுகிறது.

இன்று பின்னேரம் மகள் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, யோசிச்சது காணும். அப்பாவுக்கு என்னத்தாலை வந்ததெண்டு கண்டுபிடிச்சு முடிய எனக்குப் பென்சன் வந்திடும். திரியை வைச்சு, ரெண்டு கால் நகத்தையும் நேராய் வெட்டுவம். திங்கள் நான் போறன். சரிவராட்டில் அங்கையே ஆசுப்பத்திரிதானே."

ஓம் என்றேன். பஞ்சைத் திரித்துக் கொடுத்தேன். அவளே நகத்துக்குக் கீழே செருகி, பல்லைக் கடித்துக்கொண்டாள். செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

ஒழுங்கைச் சரளைக் கல்லில் நீங்கள் நடந்து வரும் சத்தம் மட்டும் காதுக்குள் அப்படியே இருக்கிறது. ஒரு அடி அழுத்தமாக, அடுத்தது மெதுவாக.