லிப்ட் கதவில் ஒரு பக்கெட்

மார்ச் 4
ஐந்தாம் மாடி

சித்தப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பதால்தான் உங்களுக்கு இந்த வேலையெல்லாம் தோன்றுகிறது.

நேற்று மாலை ஊர் திரும்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு லிப்ட் வாசலுக்கு வந்தேன். கதவில் ஒரு ஸ்டிக்கர். தோளில் துணி, இடது கையில் பக்கெட், ஒரு பெண். அவள்மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. கீழே, ‘வீட்டுவேலை செய்வோர் பின்பக்கச் சாமான் லிப்டைப் பயன்படுத்தவும். குடியிருப்போர் சங்கம்.’

அந்தப் படம் நான் வரைந்தது.

ஜனவரியில் நீங்கள்தான் கேட்டீர்கள். “குருவி, புத்தக அட்டையா போட்டுத் தள்ளுறியே, நம்ம கட்டடத்துக்கும் ஆறு படம் போட்டுக் குடேன்.” தபால் பெட்டிக்கு ஒன்று, மீட்டர் அறைக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று என்று போட்டுக் கொடுத்தேன். துடைப்பமும் பினாயிலும் வைக்கும் அறைக்குத்தான் அந்தப் பெண். அவளை எடுத்து லிப்டில் ஒட்டி, நடுவில் கோடு கிழித்திருக்கிறீர்கள். சங்கத்தின் செயலாளர் நீங்கள். கடைசியில் இருக்கும் கையெழுத்தும் உங்களுடையது.

அதை எடுக்கும்வரை உங்களோடு பேச மாட்டேன். போனும் எடுக்க மாட்டேன். முப்பது வருஷம் தபால் பிரித்தவர்தானே நீங்கள்? சொல்வதையெல்லாம் உங்கள் பெட்டியிலேயே போடுகிறேன். பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குருவி


மார்ச் 5
தரைத்தளம்

என் அன்புக் குருவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து மாடி இறங்கி வர ஒரு நாள் ஆகியிருக்கிறது. எங்கள் காலத்துத் தபாலே பரவாயில்லை.

உன் சித்தி படித்துவிட்டுச் சிரித்தாள். “ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு லெட்டரா? ஸ்டாம்ப் ஒட்டலையா ரெண்டு பேரும்?” என்றாள். அவளைத் தூதுக்குக் கூப்பிட்டேன். “உங்க சண்டையில நான் போஸ்ட்மேன் இல்ல” என்று போய்விட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு லிப்டில் நெரிசல். பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் தவறுகிறது. மூன்றாம் மாடி பல் டாக்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டார். ஈரத் துணி வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். பதினான்கு வீட்டில் பதிமூன்று வீட்டார் வந்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

வராத வீடு எது தெரியுமா? தெருக்கடைகளை இடிக்கக் கூடாது என்று வெளியூர்ப் போராட்டத்துக்குப் போனாய். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாட்டைத் திருத்தும் கூட்டம் ஒன்றையும் நீ விடுவதில்லை, கட்டடத்துக் கூட்டத்துக்கு மட்டும் உனக்கு ஞாயிறு கிடைப்பதில்லை. இதோடு மூன்று கூட்டம். உன் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

படத்தை எடுத்தது தப்புதான். கேட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் மன்னிப்பு.

ஒழுங்காகச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடப்பது உன் அப்பாவின் வியாதி.

சித்தப்பா


மார்ச் 7
ஐந்தாம் மாடி

சித்தப்பாவுக்கு,

படத்துக்கு மட்டும் மன்னிப்பா? கோட்டுக்கு?

உங்கள் சாமான் லிப்ட் புதன்கிழமையிலிருந்து ஓடவில்லை. தெரியுமா, செயலாளரே? வீட்டுவேலைக்கு வரும் எக்ஸ்பிரஸ் அக்கா நேற்றும் இன்றும் ஐந்து மாடி படியேறி வந்தார். அந்தப் பெயர் நீங்கள் வைத்ததுதான், பதினொரு மணிக்குள் ஐந்து வீட்டை முடிப்பதால். இன்று அவர் என் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எக்ஸ்பிரஸாக இல்லை. வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு செருப்பு வைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். “ஒண்ணுமில்லம்மா, வயசாவுதுல்ல” என்று சிரித்தார். முன்பக்க லிப்ட் அந்த நேரம் காலியாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் அது மணியடிப்பது என் அறைக்கே கேட்டது.

எனக்கு ஏழு வயதிலிருந்து நீங்கள் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. தபால் நிலையத்தில் அதிகாரிகளுக்கு முன்படி, உங்களுக்கெல்லாம் பின்படி. ஒரு நாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்படியில் ஏறினீர்கள். “எவன் தடுக்கிறான்னு பாத்துடலாம்னு ஏறினேன், குருவி.” இந்த வரியைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவீர்கள். நான் எந்தப் போராட்டத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் படியை நினைத்துக்கொண்டுதான் உட்கார்வேன். என் அரசியலே அந்தப் படியில் ஆரம்பித்ததுதான். அலமாரி நிறையப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பதினொன்றில் உங்கள் கை இருந்ததா?

குருவி


மார்ச் 8
தரைத்தளம்

குருவிக்கு,

இருந்தது.

காரணம் எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். செயலாளர் பெரும்பான்மையோடு நிற்க வேண்டும் என்று எழுதினேன். அறுபத்தெட்டு வயதில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எதுவும் காரணம் மாதிரி இல்லை. எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அவ்வளவுதான்.

சாமான் லிப்டுக்கு ஆளை வரச் சொல்லிவிட்டேன்.

நீ ஏதோ பெரிய படம் போடுகிறாய் என்று காவலாளி சொன்னார். அச்சுக்கடையிலிருந்து சுருள் வந்ததாம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஒட்டுவதற்கு முன்னால் எக்ஸ்பிரஸிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

சித்தப்பா


மார்ச் 11
ஐந்தாம் மாடி

சித்தப்பாவுக்கு,

கேட்பதற்கு என்ன இருக்கிறது? பாம்பு கடித்தவரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டா மருந்து போடுவார்கள்? உங்கள் கூட்டத்தில் அவரை யாராவது கேட்டீர்களா? கோடு போட்டவர்கள் கேட்க வேண்டியதில்லை, கோட்டை அழிக்க வருகிறவள் மட்டும் கேட்க வேண்டும். நல்ல சட்டம்.

படம் ஒட்டியாயிற்று. வாசல் சுவரில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் மூன்று. பார்த்திருப்பீர்கள். படியில் உட்கார்ந்திருக்கும் அவர் முகம், கன்னத்தில் கண்ணீர், பின்னால் மூடிய லிப்ட். ‘ஐந்து வீட்டைச் சுமக்கும் என் கால்கள் உங்கள் லிப்டுக்கு மட்டும் பாரமா?’ இணையத்திலும் போட்டேன். இரண்டு நாளில் நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டிருக்கிறது.

பல் டாக்டர் நேற்று லிப்டில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. தொழில்முறையில் அவருக்கே அது நல்லதல்ல.

நீங்கள் கையைத் தூக்கினீர்கள். நான் தூரிகையைத் தூக்கினேன். அவரவர்க்கு வந்தது.

குருவி


மார்ச் 16
தரைத்தளம்

குருவிக்கு,

எக்ஸ்பிரஸ் வியாழக்கிழமையிலிருந்து வரவில்லை. உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பாள். போன் பண்ணிக் கேட்டபோது எனக்கும் அதைத்தான் சொன்னாள். இன்று காவலாளியைப் பிடித்து விசாரித்தேன்.

உன் படம் வந்த மறுநாளே நாலு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எங்களைப் பற்றி ஊரெல்லாம் புகார் சொல்கிறவள் எங்கள் வீட்டுக்குள் எதற்கு என்றார்களாம். ஐந்தில் நாலு போயிற்று. மிச்சம் உன் வீடு ஒன்றுதான். அந்த ஒரு வீட்டுக்காக இரண்டு பேருந்து மாறி வர அவளால் முடியாது.

நான் சொன்னேனே என்று சொல்ல வரவில்லை. சொல்லிக்காட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தத் தாளில் வேறொன்று எழுத வேண்டும். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூட.

முன்படியில் முதலில் ஏறியவன் நானில்லை.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒருவன் இருந்தான். நெட்டையன் என்று கூப்பிடுவோம். எங்கள் சங்கத்தில் பேசிப் பேசி, ஒருவர் ஏறிக் காட்ட வேண்டும் என்று முடிவானது. கைதட்டினோம். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் மூட்டையோடு ஏறினான். அன்று மாலையே வேலை போயிற்று. அதற்கப்புறம்தான் வேலைநிறுத்தம், பதினோரு நாள், அதிகாரி பணிந்தது எல்லாம். பன்னிரண்டாம் நாள் முன்படி திறந்தது. அன்றைக்கு ஏறியவன் நான். தடுக்க யாரும் இல்லாத படியில் ஏறினேன். நெட்டையனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவன் எந்த ஊருக்குப் போனான் என்று நாங்கள் தேடவுமில்லை.

உனக்கு ஏழு வயது. கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாய். நான் ஏறினேன் என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் இறங்க முடியவில்லை.

எக்ஸ்பிரஸ் இப்போது ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாளாம். மூன்று மணிக்கு வெளியே வருவாள். நெட்டையனை நான் தேடவில்லை. நீயாவது போ.

சித்தப்பா


மார்ச் 22
ஐந்தாம் மாடி

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு முறை படித்தேன். கோபம் குறையவில்லை. கூடியது. ஒரு பொய்ப்படியில் ஏறி நின்றுகொண்டு இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நியாயம் பேசியிருக்கிறேன்.

அக்காவைப் பார்த்தேன். பாலத்துப் பேருந்து நிறுத்தத்தில், கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பேச விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. இந்த முறையாவது.

“நான் எப்பம்மா அழுதேன்? ஆறு வருஷமா உங்க வீட்டுக்கு வரேன். ஒரு நாளாவது அழுது பாத்திருக்கீங்களா? என் பையன் அந்தப் படத்தைப் போன்ல காட்டி, ‘யாரும்மா உன்னை அடிச்சாங்க’ன்னு கேக்கறான். அதுல ஏதோ வசனம் வேற. கால் பாரமான்னு. நான் பேசினா அப்படியா பேசுவேன்? நான் பேசியிருந்தா அந்த டாக்டர் காதைப் பொத்திக்கிட்டு ஓடியிருப்பாரு.”

அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“முதல்ல லிப்டுல ஒட்டுனீங்க. அதுல எனக்கு மூஞ்சியே இல்ல. அப்புறம் சுவத்துல ஒட்டுனீங்க. அதுல அழுவுற மூஞ்சி. ரெண்டும் நீங்கதானே போட்டது? ரெண்டு தடவையும் நான் உங்க வீட்டுல தரையைத் துடைச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். முட்டி வலிதான். ரெண்டு நாள் படியேறினப்புறம் அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருந்தேன். அந்த டாக்டர் எட்டரைக்குக் கிளம்பிடுவாரு. அப்புறம் காவலாளி அண்ணன் கண்ணைக் காட்டுவாரு, நான் முன்னால லிப்டுலயே ஏறிடுவேன். நீங்க படம் போட்டீங்க, அதுவும் போச்சு.”

எல்லோருடைய போனிலிருந்தும் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னார். என் பக்கத்திலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டேன். சுவர்களிலும் கிழித்துவிட்டேன். அந்தப் படத்தைப் பற்றி அக்காவுக்கு எதுவும் தெரியாது, முகமும் வாசகமும் என் வேலை என்று எழுதி மற்ற பதிமூன்று வீட்டிலும் கொடுத்தேன். ஆனால் நாலாயிரம் போனை எங்கே போய்த் துழாவுவது? என் கண்ணெதிரிலேயே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கைதட்டிய வாசிப்பு வட்டத்தில், எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். “இவ்வளவு நல்ல படத்தையா? இது உன்னைத் தாண்டிப் போயிடுச்சு” என்றார் ஒருவர். அவரை அறையலாம் போலிருந்தது. போன வாரம்வரை நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நிலைமை சரியானால் திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். “புது ஆபீஸ்ல ஒரே லிப்ட்தான். எல்லாரும் ஏறுறாங்க. அங்க என்னை யாரும் படம் போடலை. நல்லா இருக்கு” என்றார். பேருந்து வந்தது. ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் என்று பலகையில் போட்டிருக்கிறீர்கள். வருகிறேன். உங்களோடு பேசுவதற்கு அல்ல.

குருவி


மார்ச் 30
தரைத்தளம்

குருவிக்கு,

நேற்று நீ வந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். பல் டாக்டர், “அவங்க சுத்தம் வேற, நம்ம சுத்தம் வேற” என்றதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். கதவைச் சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது. சித்தி, “அப்படியே அவ அப்பா” என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை.

போன வாரம் முழுக்க நான் வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்து, நெட்டையன் கதையைச் சொன்னேன், இந்த முறை ஒழுங்காக. நேற்று அந்தத் தடையை நீக்கும் தீர்மானத்தை நான்தான் கொண்டுவந்தேன், முதல் கையும் நான்தான் தூக்கினேன்.

ஆறு கை வந்தது. எதிரே ஏழு. தோற்றோம்.

நீ உட்கார்ந்திருந்தால் ஏழுக்கு ஏழு. சமமானால் செயலாளரின் ஓட்டுதான் முடிவு. சங்க விதி, பக்கம் நான்கு. உன் கோபம் நியாயமான கோபம், குருவி. அது கால் மணி நேரம் முன்னால் எழுந்து போய்விட்டது. என்னுடையது நாற்பது வருஷம் தாமதமாக வந்தது. நம் இருவரில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க, லிப்ட் கதவில் இருந்ததைப் பெயர்த்தேன். யாரும் தடுக்கவில்லை. டாக்டர் மட்டும், “புதுசா அடிச்சு ஒட்டிக்கலாம், விடுங்க” என்றார். ஒட்டட்டும். படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கோடு போய்விட்டது. எழுத்து போய்விட்டது. அவளும் போய்விட்டாள். பக்கெட் மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எதில் அச்சடித்தார்களோ இதை?

என்னோடு பேச வேண்டாம். இதற்கு மட்டும் ஒரு வழி சொல்.

சித்தப்பா


மார்ச் 31
ஐந்தாம் மாடி

சித்தப்பாவுக்கு,

உங்கள்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. என்மேல் உள்ளதும்.

கத்தியை வையுங்கள், கதவு கீறும். அதற்கு என்னிடம் ஒரு திரவம் இருக்கிறது. படிவழியாக இறங்கி வருகிறேன். பேச அல்ல, தேய்க்க.

ஏப்ரல் கூட்டம் எந்த ஞாயிறு என்று மட்டும் எழுதி வையுங்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பேன்.

குருவி