ரமேஸுக்கும் ஒரு வாய்ப்புக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி றவூப் பலீலா,
ஸ்பிரிங்வெளி, பதுளை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம், பதுளை.

விடயம்: புகைபிடித்ததற்காக விலக்கப்பட்ட தரம் 11 மாணவன் அ. ரமேஸை மீண்டும் சேர்த்துக்கொள்ளல்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மகன் றினாஸும் தோட்டத் தொழிலாளி அழகரின் மகன் ரமேஸும் ஒரே வகுப்பு மாணவர்கள். சென்ற ஆண்டு மண்சரிவில் எங்கள் வீடும் அவர்கள் குடியிருந்த தோட்ட லய வரிசை வீடுகளும் புதைந்தன. அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினோம்.

2. அதன்பின் தகரக் கூரையில் மழை விழுந்தாலே என் மகனுக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. வீடிழந்து தங்கியிருந்த முகாமில் யாரோ கொடுத்த சிகரட்டை இழுத்ததும் படபடப்பு அடங்கியதாம். ரமேஸுக்கும் அதே நிலைதான். பாடசாலை மதிலுக்குப் பின்னால் இருவரும் ஒன்றாகவே பிடிபட்டார்கள்.

3. பாடசாலை அதிபர் பெற்றோரை அழைத்தார். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள் என்பதால் உடனே போய் மன்றாடி, மகனை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்ல அவகாசம் பெற்றேன். அழகரும் மனைவி பெரியாயியும் தேயிலை மலையில் வேலையாக இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ரமேஸைப் பாடசாலையிலிருந்து நீக்கி விடுகைப் பத்திரம் எழுதப்பட்டுவிட்டது.

4. வைத்தியர் மகனைத் திட்டவில்லை. புகை படபடப்பைத் தணிப்பதுபோல் காட்டிப் பின்னர் கூட்டிவிடும் என்று விளக்கி, மூச்சுப் பயிற்சி கொடுத்தார். இடையில் ஒருமுறை மீண்டும் புகைத்துவிட்டு, அவனாகவே அழுதுகொண்டு வந்து சொன்னான். போன மாதம் விடிய விடியக் கடும் மழை. காலையில் தேநீர் கொண்டுபோனேன். “உம்மா, ராவு மழ பெஞ்சதா? எனக்குத் தெரியவே இல்ல” என்றான். ஐயா, அடுப்படிக்குப் போய் ஆசை தீர அழுதேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் தூக்கம் வந்தது.

5. விலக்கப்பட்டபின் ரமேஸ் வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். றினாஸ்தான் தேடிப்போய் அவனையும் அதே வைத்தியரிடம் கூட்டிவந்தான். இப்போது அவனும் புகைப்பதில்லை. போன கிழமை, “ஆன்ட்டி, பரீட்சைக்கு என்னையும் சேத்துக்குவாங்களா?” என்று கேட்டான். அதனால்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

6. அதிபர் மீது குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரே தவறுக்கு ஒரு பிள்ளைக்கு மருந்தும் மற்றப் பிள்ளைக்கு வெளிவாசலும் கிடைத்தது நியாயமா என்பதே என் முறைப்பாடு. ரமேஸை மீண்டும் சேர்த்துச் சாதாரண தரப் பரீட்சை எழுத வழிசெய்யுமாறும், இனிப் புகைத்துப் பிடிபடும் பிள்ளைகளை விலக்குமுன் மனநல ஆலோசனைக்கு அனுப்பப் பணிக்குமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். வகுப்பில் அமரும் வாங்கில் என் மகனுக்குப் பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
றவூப் பலீலா
(ஒப்பம்)

இடம்: ஸ்பிரிங்வெளி
திகதி: 12.11.2025

இணைப்பு: ரமேஸின் விடுகைப் பத்திரப் பிரதி