தும்புத்தடியும் தடிதான்

இன்று காலை கல்லூரித் தாழ்வாரத்தைக் கழுவியிருந்தார்கள். செயற்கை எலுமிச்சை வாசம். ஈரத் தரை. நீளக் கைப்பிடித் துடைப்பம் ஒன்றைத் தோளில் சாய்த்தபடி ஒருவர் லிஃப்டுக்குக் காத்திருந்தார். நான் விரிவுரை எடுக்கப் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்திருக்கிறது. இனி உனக்கு எழுதலாம்.

லண்டன், டூட்டிங். எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த உன்னை வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். உன் மொழிக்காரிதானே, பார்த்துக்கொள் என்றார்கள். நான் சிறு குழந்தையாக இங்கே வந்தவள். என் தமிழ் சமையலறைத் தமிழ். உன் ஆங்கிலம் எழுத்தில் இருந்தது, வாயில் இல்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாய்.

மதிய இடைவேளையில் நான் போகும் இடத்துக்கு நீயும் வந்தாய். ஒரு விளையாட்டுக் குழு. ஒரு மேசை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி. தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

கதை சொன்னவன் மார்ட்டின். எங்கள் வகுப்பு. பேசாத ஒருத்திக்கு இந்த மேசையில் என்ன வேலை என்று உன் முன்னாலேயே கேட்டான். உனக்கு விளங்கியது.

விதிப் புத்தகத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு பாத்திரம் மிச்சம் இருந்தது. மங்க்.

"மங்கியோ?" என்றாய். "குரங்குக்கு ஏனடி இவ்வளவு பெரிய புத்தகம்?"

"குரங்கில்லையடி. துறவி. சாமியார் மாதிரி. ஆனா சண்டை பிடிப்பார்."

"நல்ல சாமியார்."

விதிகளை உனக்குத் தமிழில் சொன்னேன். துறவிக்குக் கவசம் இல்லை, கேடயம் இல்லை. வெறுங்கையே போதும். வேண்டுமானால் புத்தகம் அனுமதிக்கும் சில ஆயுதங்கள்: தடி, குறுவாள், ஈட்டி, அப்படிச் சில. வேறெதையும் தொடக் கூடாது.

ஆயுதம் என்ற சொல்லில் உன் முகம் இறுகியது.

"எனக்கு ஆயுதம் வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லை நான் அறிந்திருந்தது ஆயுத பூசையில் மட்டும். அம்மா கூலிக்குத் தைக்கும் மெசினுக்குச் சந்தனப் பொட்டு. கத்தரிக்கோலுக்கு. அப்பாவின் கார்ச் சாவிக்கு. என் கால்குலேட்டருக்கு. ஆயுதம் என்றால் இவைதான் என்று நினைத்திருந்தேன். அப்படியே சொன்னேன்.

"நான் கண்ட ஆயுதம் வேற," என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "கால்குலேட்டருக்குமோ?"

"ஓம்."

சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"அப்ப எங்கட தும்புத்தடியும் ஆயுதம்தான்."

பள்ளிக்கு முன் அம்மாவுக்குத் துணையாக, அந்த நீளத் துடைப்பத்தோடு அலுவலகங்கள் கூட்டப் போய்வந்தவள் நீ. உன் துறவியின் விவரங்களை எழுதும் தாளில், ஆயுதம் என்ற இடத்தில், ப்ரூம் என்று ஆங்கிலத்தில் எழுதினாய். மார்ட்டின் கவனிக்கவில்லை. உன் துறவி குகைகளைக் கூட்டினார். பேய்களின் காலை வாரினார். நீ என் காதில் சொல்வாய், நான் மேசைக்குச் சொல்வேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலய மண்டபம், பல பள்ளிகள் கூடும் போட்டி. அவரவர் பாத்திரத்துக்காக அவரவரே பேச வேண்டும். இடையில் ஆள் கூடாது. அங்கே இவள் பேசாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நம் மேசையிலும் இடமில்லை என்றான் மார்ட்டின்.

"நான் மெல்லமாச் சொல்லித் தாறன்," என்றேன்.

"வேண்டாம். நீ வாயை மூடிக்கொண்டிரு. எனக்கு ஏலும்."

கதையில் ஒரு பாலம் வந்தது. பாலத்தில் ஒரு காவலன். உன் முறை. ப்ரூமால் அவன் காலை வாருகிறேன் என்றாய், ஆங்கிலத்தில், மிக மெதுவாக.

நடுவர் தாடி வைத்தவர். புத்தகத்தைத் திறந்தார். துறவிக்கு இது அனுமதி இல்லை, தாளிலிருந்து அடித்துவிடு என்றார். மார்ட்டின் கூரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் என் பாதத்தை நீ அழுத்தி மிதித்தாய்.

எழுந்து நின்றாய். அந்த விளையாட்டில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

"புத்தகத்தில் தடி இருக்கிறதா?" ஆங்கிலம் உன்னிடமிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இருக்கிறது."

"எங்கள் மொழியில் இதன் பெயர் தும்புத்தடி. தும்பு என்றால் தேங்காய் நார். தடி என்றால் தடி."

"ஆனால் நுனியில் நார் இருக்கிறதே."

"ஈட்டியின் நுனியில் இரும்பு இருக்கிறது. அது துறவிக்கு ஆகும். நார் ஆகாதா?"

யாரோ சிரித்தார்கள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

"இப்படிப் போனால் எல்லாமே ஆயுதமாகிவிடும்," என்றார் நடுவர்.

"வருடத்தில் ஒரு நாள் அப்படித்தான். இவள் வீட்டில் கால்குலேட்டரும் ஆயுதம்."

அவர் சிரித்தேவிட்டார். புத்தகத்தை மூடினார். "சரி. தடி. உருட்டு."

உருட்டினாய். இரண்டு விழுந்தது. அதைவிட மோசமாக ஒன்றுதான் விழ முடியும். காவலன் அசையவில்லை. உன் துறவி ஆற்றில் விழுந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. நீ சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாய்.

"ஏனடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறாய்? விழுந்தது என்ர ஆள். கதைச்சது நான்."

முன் இருக்கையிலிருந்து மார்ட்டின் திரும்பினான். திங்கட்கிழமை உனக்குப் புதுப் பாத்திரம் உருவாக்க வேண்டும், பிந்தி வராதே என்றான். உன்னிடம்தான் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ என் காதில் எதையும் சொல்லவில்லை.

உன் நோயைப் பற்றி எழுத மாட்டேன்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் உறவினர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அமைதியான பிள்ளை என்றார்கள். வாய் திறந்து ஒரு சொல் கதைக்க மாட்டாள் என்றார்கள். அன்பாகத்தான். பொறுக்க முடியவில்லை. பேசுபவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. எழுந்தேன்.

"இல்லை," என்றேன். "அவள் கதைச்சவள்."

பாலத்தைச் சொன்னேன், காவலனைச் சொன்னேன். நடுவர் என்ற சொல் எனக்கு வரவில்லை. உன் மாமா பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். இன்னோரிடத்தில் இலக்கணம் பிழைத்தது, யாரோ திருத்தினார்கள். நிறுத்தவில்லை.

உன் அம்மா தலையை நிமிர்த்தினார்.

"அந்த மனிசனுக்கு என்ன சொன்னவள்? இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். முதலில் நீ சொன்னபடி ஆங்கிலத்தில். பிறகு தமிழில், அவருக்காக.

இப்போதும் உன்னைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ரயிலில், நண்பர் வீடுகளில், யாரும் கேட்காதபோதும். நீ எழுந்து நிற்கும் இடம் வந்ததும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. சுற்றியுள்ளவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும்.