உன் அப்பா சுட்ட கொம்பன்

அன்புள்ள ஷெல்பி கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் என் முழங்காலும் அவரவர் தகுதிக்கு ஏற்றபடி சுகம். அங்கே அலாஸ்காவில் நீயும், பேரைச் சொல்லாமல் "ஒரு ஃப்ரெண்டு" என்று போனில் இழுக்கிறாயே அந்தப் பையனும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இதைப் போனிலேயே சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பாதி சொல்வதற்குள் சிரிப்பு வந்து மூச்சு முட்டுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நீயும் மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். விஷயம் உன் அப்பாவைப் பற்றியது.

ஆரம்பக் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு ருசி. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே வீட்டுக்குப் பின்னால் பள்ளம் முழுக்க அந்த ஹனிசக்கிள் புதர் மண்டிக் கிடந்தது. எங்கிருந்தோ சீமையிலிருந்து அழகுக்கென்று கொண்டுவந்த செடி, பறவை தின்று எச்சம் போட்டே நம் காட்டைப் பிடித்துவிட்டது. "லோவெல், இதை வெட்டித் தொலை, துணி காயப்போடக்கூட வெளிச்சம் இல்ல" என்று நான் கத்தாத வருஷம் இல்லை. அவர் பதிலும் வருஷா வருஷம் ஒன்றுதான்: "உனக்கு என்னடி தெரியும், மானுக்கு அதுதான் வீடு." சரி, மானுக்காவது ஒரு வீடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அந்த மனுஷன் தூண்டில் கடை கார்லாவோடு போனதும், நிலத்தைப் பிரிக்க வக்கீல் முன்னால் உட்கார்ந்ததும் நடந்தது. மேட்டிலுள்ள ஓக் மரங்களும், உட்கார்ந்து மான் சுட அவர் மரத்தில் கட்டிய பரணும் அவருக்கு. வீடும் பள்ளமும் எனக்கு. அப்போது அந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். "களையை அவளே வச்சுக்கட்டும் சார், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தம்." வக்கீல் சிரித்தான். கார்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நல்ல பெண்பிள்ளையாக மன்னித்துவிட்டேன் என்றுதானே நினைத்தாய்? இல்லை. பதப்படுத்தி ஃப்ரீசரில் வைத்தேன்.

பழிவாங்க நான் விரலைக்கூட அசைக்கவில்லை என்பதுதான் இதில் அழகு. உன் அம்மாவின் சோம்பேறித்தனம் முதல் தடவையாக நாலு பேருக்குப் பயன்பட்டது. நவம்பரில் ஓக்கும் ஹிக்கரியும் மொட்டையாக நிற்கிறபோது என் பள்ளம் மட்டும் கீரைக்கடை மாதிரி பச்சை. மான்கள் பகல் முழுக்க அதற்குள் படுத்து, எட்டின இலையை அசை போட்டு, நன்றாக இருட்டிய பிறகுதான் மேட்டுக்கு ஓக் கொட்டை தின்னப் போகும். இருட்டியபின் சுட்டால் சட்டப்படி குற்றம். ஆகவே உன் அப்பா மரத்தில் கட்டி வைத்த ராத்திரிக் காமிராவில் மான் மானாக விழுந்தது, பரணில் குளிர்தான் விழுந்தது. அதிலும் ஒரு கொம்பன் இருக்கிறான், கொம்பு இரண்டும் நாற்காலிக் கை மாதிரி அகலம். அவனை நினைத்து உன் அப்பா இரண்டு வருஷமாக உருகுகிறார். சோபாவுக்கு மேலே சுவரைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம் கார்லா. அந்தச் சுவர் காலியாகவே இருக்க வேண்டும், அந்தக் கொம்பன் லோவெல் கைக்குக் கிடைக்கவே கூடாது என்று நான் சபதம் போட்டிருந்தேன். மற்றவர்கள் எடை குறைக்கச் சபதம் போடுகிறார்கள், எனக்கு இது.

செப்டம்பரில் வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள், லேசி என்று பெயர், உன்னைவிடச் சின்னவள். களைப்புதரை வெட்ட அரசாங்கம் உதவும், உங்கள் பள்ளத்தைப் பற்றி ஒருவர் மிகவும் கவலைப்பட்டுக் கூப்பிட்டார் என்றாள். யார் அந்தப் புண்ணியவான் என்றேன். உன் அப்பாவேதான்! மானுக்கு அதுதான் வீடு என்று இருபது வருஷம் சொன்ன வாய், இப்போது காட்டுப்பூக்கள் அழிகின்றன என்று அவளிடம் கண்ணீர் விட்டிருக்கிறது. நவம்பருக்குள் வெட்டுவதாக இருந்தால் தானே ரம்பம் கொண்டுவந்து இலவசமாக வெட்டித் தருவாராம். வீட்டை இடித்தால் கொம்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குத்தானே வருவான்! லேசியிடம் கேட்டேன், நெஞ்சில் கை வைத்துச் சொல், மானுக்கு இது நல்லதா கெட்டதா என்று. அவள் பாவம், மழுப்பத் தெரியாத பெண். "மான் திங்கும்தான் மேடம், மறைவும் நல்ல மறைவு. ஆனா இது நிக்கிற எடத்துல ஒரு ஓக் கன்னு தலை தூக்காது. இன்னைக்கு மானுக்கு விருந்து, உங்க பேரப்பிள்ளை காலத்துல அது எதைத் திங்கும்? இதுக்குள்ள உண்ணி வேற எக்கச்சக்கம்" என்றாள். பேரப்பிள்ளை என்றதும் உன் ஞாபகம் வந்தது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சரிம்மா, ஜனவரியில் வா, வேட்டைக்காலம் முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம்தான். ஆனால் நியாயம் ஜனவரி வரை காத்திருக்கும், என் கோபத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வேட்டை திறந்த சனிக்கிழமை நானும் ஒரு மான் சுடப் பர்மிட் வாங்கி வைத்திருந்தேன். விடிவதற்குள் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன், தும்மினேன், மறுபடி தும்மினேன், காப்பி குடிக்க வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மாவின் வேட்டை அவ்வளவுதான். அடுப்பில் பாத்திரம் வைத்த நேரம் மேட்டில் ஒரே ஒரு வெடிச்சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் உன் அப்பா, தொப்பி கையில், முகமெல்லாம் பல். "சுட்டுட்டேன் நடீன். அவனேதான். கொம்புல பத்து முனை. எண்ணிட்டுத்தான் சுட்டேன்" என்றார். அடிபட்ட மான் எல்லை தாண்டி என் புதருக்குள் ஓடி விழுந்துவிட்டதாம். என் அனுமதி இல்லாமல் அவர் உள்ளே கால் வைக்க முடியாது. எல்லை மரங்களில் எனக்கு எரிச்சல் ஊட்ட யாரும் தாண்டக்கூடாது என்கிற ஊதா பெயிண்ட் அடித்து வைத்தவரும் அவர்தான்! அதற்குள் காப்பிக்கடைக்குப் போன் போட்டாயிற்று, மான் தலையைப் பாடம் செய்கிற ஓர்வில்லுக்கும் சொல்லியாயிற்று. போயிற்று என் சபதம். கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அனுமதி இல்லை, அங்கேயே கிடந்து அழுகட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நல்ல இறைச்சியை வீணாக்க இந்தக் கை வராது. அதனால் கிடைத்த மட்டும் கறந்துகொள்வோம் என்று, முறையாகக் கேள் என்றேன். "உன் களைக்குள்ள வரலாமா" என்றார். என்னது? "புதருக்குள்ள." எப்படிப்பட்ட புதர்? பல்லைக் கடித்துக்கொண்டு "நல்ல புதர், மானுக்கு நல்ல புதர், போதுமா?" என்றார். கார்லா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கச் சொல்லி, அவள் காதிலும் விழும்படி இன்னொரு தரம் சொல்ல வைத்தேன். அப்புறம், என் நிலத்தில் உன் துப்பாக்கி வரக்கூடாது, வண்டியிலேயே இருக்கட்டும் என்றேன். அதற்கும் சரி என்றார். பத்து முனைக்காக அந்த மனுஷன் பைபிளைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னாலும் படித்திருப்பார்.

உள்ளே நின்று நடக்க இடமில்லை, தவழ்ந்துதான் போக வேண்டும். முன்னால் அவர், பின்னால் நான். வேட்டைக்கார ஆரஞ்சுத் துணி போட்ட அவர் பின்புறம் என் மூக்குக்கு நேரே. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் பார்க்காத கோணம் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் ஆண்டவர் காட்டிவிட்டார். இலையில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம், வழியெல்லாம் "அகலம் எவ்வளவு தெரியுமா, சோபா முழுக்க வரும்" என்று பேச்சு. கடைசியில் மான் கிடந்தது. பெட்டை மான். நல்ல கொழுத்த, லட்சணமான பெட்டை. உன் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். இந்தக் காதைத் தூக்கிப் பார்த்தார், அந்தக் காதைத் தூக்கிப் பார்த்தார். கழுத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார், கண்ணாடி தொலைந்த மாதிரி. "கொம்பு விழுந்திருக்குமோ" என்றார் மெதுவாக. கொம்பு உதிர ஜனவரி ஆகுமே, நவம்பரிலா லோவெல் என்றேன்.

அப்போதுதான் பக்கத்தில் சருகு நொறுங்கியது. கையை நீட்டினால் தொடுகிற தூரம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நம் சமையலறை நீளம் என்று வைத்துக்கொள். இவ்வளவு நேரமும் அசையாமல் படுத்திருந்த அந்தக் கொம்பன் எழுந்து நின்றான். நாங்கள் இருவரும் நாலு காலில். அவன் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இது என்ன இனம் என்கிற பார்வை. அப்புறம் ஓடக்கூட இல்லை கண்ணு, நடந்தான். ஊதா பெயிண்ட் அடித்த மரத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறிப் போனான், எந்த மேட்டில் அவனுக்காக உன் அப்பா இரண்டு வருஷம் குளிரில் கிடந்தாரோ அதே மேட்டுக்கு. "உன் துப்பாக்கி எங்கடி" என்று காற்றுப் போன குரலில் கேட்டார். என் துப்பாக்கி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. பர்மிட் என் பையில்தான் இருந்தது. சுட்டிருக்க வேண்டியது நான்! அதை நினைத்தால் இப்போதும் கை அரிக்கிறது. ஆனால் அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தேன், அரிப்பு போய்விட்டது. எந்த மான் விழுந்தாலும் சுட்டவர் தன் பர்மிட்டை அங்கேயே நறுக்கிச் செலவுக் கணக்கில் வைத்தாக வேண்டும். கத்தியை நான்தான் கொடுத்தேன். வருஷத்துக்கு அந்த ஒரு பர்மிட்தான் அவருக்கு, உனக்குத் தெரியுமே.

மானை இழுத்துக்கொண்டு எல்லைப் பக்கமாக வெளியே வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பெட்டை குண்டடிபட்ட இடத்தில் குளம்படி, ரத்தம், அதற்கு நேர் பின்னால் என் பக்கத்தில் பட்டுப்போன ஒரு ஹனிசக்கிள் தண்டு, சாம்பல் நிறத்தில் இரண்டு பக்கமும் கவை கவையாக விரிந்து நிற்கிறது. பரணிலிருந்து பார்த்தால் மான் தலையில் அச்சாகப் பொருந்தும். நான் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. உன் அப்பாவுக்குக் கணக்கும் சரியாக வராது. கார்லா போட்டோ எடுக்க ஓடிவந்தாள், வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கொம்பு எங்க லோவெல்?" என்றாள். அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன், "அது என் களைல முளைச்சதும்மா, அங்கேயே நிக்குது" என்று. அன்று சாயங்காலமே அந்தத் தண்டை ரம்பத்தால் அறுத்து ஓர்வில்லிடம் கொடுத்துவிட்டேன். நல்ல வால்நட் பலகையில் ஏற்றி, கீழே பித்தளைத் தகட்டில் உன் அப்பா பேரையும் தேதியையும் பொறித்துத் தந்திருக்கிறான். கூலி வாங்க மாட்டேன், இது சேவை என்றான். இப்போது காப்பிக்கடைச் சுவரில், கல்லாவுக்கு நேர் மேலே இருக்கிறது. உன் அப்பா ஒரு வாரமாகக் காப்பியை வீட்டிலேயே குடிக்கிறாராம்.

முழு ஜெயம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் தவழ்ந்து கலைத்ததில் கொம்பன் என் புதரை விட்டு மேட்டிலேயே தங்கிவிட்டான். பட்டப்பகலில் பரணுக்கு அடியில் ஓக் கொட்டை பொறுக்குகிறானாம். பர்மிட் இல்லாத மனுஷன் பரணில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே எனக்குப் போன் செய்கிறார். "இப்ப தலையைச் சொறியறான் நடீன், இப்ப கொட்டாவி விடறான், வந்து சுடேன், அனுமதி கேட்டா குடுக்கறேன்" என்கிறார். செவ்வாய்க்கிழமையோடு வேட்டை முடிகிறது. நான் கேட்கப் போவதில்லை. அந்த வாயிடம் அனுமதி கேட்பதைவிட குளிர்காலம் முழுக்கக் கடையில் வாங்கிய கோழியைத் தின்று சாகலாம். ஜனவரியில் லேசி வருவாள், பள்ளத்தை வெட்டட்டும், ஓக் கன்று வரட்டும், காட்டுப்பூவும் வரட்டும். எல்லை ஓரத்து வரிசையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். என் உடம்புக்கு நல்லது என்றேன்.

அந்தப் பையனை ஒருநாள் போனில் பேசச் சொல், கடிக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்புகிறேன். நீ தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்தவர்களோடு, எப்போதும் ஃப்ரீசர் நிறைய இருக்கக் கடவுள் அருளட்டும். மறக்காமல் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் செய்வார். அந்தக் கொம்பனைக் கண்ணுக்கு நேரே பார்த்தும், அழகைப் பார்த்து மனசு இளகி, தானே போகவிட்டதாகச் சொல்வார். கார்லாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நடுவில் சிரித்துவிடாதே கண்ணு, முழுக்கச் சொல்ல விடு. சொல்லி முடித்ததும், எத்தனை முனைப்பா என்று மட்டும் கேள்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அம்மா நடீன்